சோறும் ஆட்டமும் – பள்ளிப் பிள்ளைகளின் ஒரு நூற்றாண்டு

பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட வேண்டும், நன்றாக ஓடியாட வேண்டும். இதை மறுப்பவர் யாருமில்லை. டாக்டரும் இதைத்தான் சொல்கிறார், பள்ளி ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினரும் இதைத்தான் சொல்கிறார், வீட்டிலுள்ள பாட்டியும் இதைத்தான் சொல்கிறாள். சொல்வதற்குப் பஞ்சமில்லை. ஆனால் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் ஒரு சங்கதி பிடிபடுகிறது. பிள்ளைகளுக்குச் சோறு கிடைத்த இடங்களிலெல்லாம் யாரோ ஒருவர் அதற்கு ஏற்பாடு செய்திருக்கிறார். காசு ஒதுக்கி, ஆள் வைத்து, நேரம் குறித்து, கணக்கும் எழுதியிருக்கிறார். இப்படி ஏற்பாடு செய்ய ஆளில்லாத காரியங்களில் அறிவுரை மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

இதற்குத் தக்க சான்று சென்னை மாநகரமே. 1920ஆம் ஆண்டில் அந்த நகரில் இரண்டு காரியங்கள் தொடங்கின. ஒன்று, பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது. மற்றொன்று, பள்ளிக்கூடத்தில் முறையாக விளையாட்டுச் சொல்லித்தர வாத்தியார்களைத் தயார் செய்வது. முதலாவது நூறாண்டில் நாடு முழுவதும் பரவிச் சட்டமே ஆகிவிட்டது. இரண்டாவது இன்றும் கால அட்டவணையின் ஓரத்தில்தான் நிற்கிறது. ஒரே ஊரில் ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு முயற்சிகளில் ஒன்று ஆலமரமாகவும் மற்றது தொட்டிச் செடியாகவும் ஆனது ஏன்? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் வழக்கில் சோறும் ஆட்டமும்

தமிழிலக்கியம் குழந்தையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உணவும் விளையாட்டும் சேர்ந்தே வருகின்றன. சங்கப் பாடல்களில் பந்தும் கழங்கும் உண்டு. மணலில் சிறுவீடு கட்டும் வண்டல் விளையாட்டும் உண்டு. பிள்ளைத்தமிழ் இலக்கணத்தைப் பாருங்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை, ஊசல் என்று வரும். எல்லாமே ஆட்டந்தான். குழந்தை வளர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக நம் புலவர்கள் கண்டது அது ஆடத் தொடங்கியதைத்தான்.

உணவுக்கோ மணிமேகலையின் அமுதசுரபியைக் காட்டிலும் பெரிய சான்று வேண்டியதில்லை. பசிப்பிணி என்று பசியையே ஒரு நோயாகச் சொன்ன மரபு நம்முடையது.

ஊர்ப்புறத்துப் பிள்ளைக்குச் சடுகுடு, கிட்டிப்புள், கிளித்தட்டு, பச்சைக்குதிரை, பாண்டி, பம்பரம், கோலி என்று பருவத்துக்கொரு விளையாட்டு இருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, மைதானமும் கேட்கவில்லை. களத்துமேடும் கோயில் வெளியும் தெருவுமே போதும். ஆனால் இதையெல்லாம் பொற்காலம் என்று பேசிவிடக் கூடாது. வயிறு நிறையாத வீடுகளில் பிள்ளைகள் ஆடு மாடு மேய்க்கப் போனார்கள். அவர்களுக்கு ஓட்டம் இருந்தது, ஊட்டம் இல்லை. பெண் குழந்தையின் ஆட்டமோ அவள் வயதுக்கு வந்த அன்றோடு முடிந்தது.

பத்து மணிப் பள்ளிக்கூடம்

ஆங்கிலேயர் காலத்துப் பள்ளி இந்த ஒழுங்கை இரண்டு வகையில் கலைத்தது. முதலாவது நேரம். காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்கு முடியும் பள்ளிக்கூடம், வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை நடுவில் வெட்டியது. காலையில் பழையது குடித்துவிட்டு இரண்டு மைல் நடந்துபோன பிள்ளைக்கு நடுப்பகலில் வீட்டுக்கு வந்து திரும்ப முடியாது. வசதியுள்ள வீட்டுப் பையன் தூக்குச்சட்டி கொண்டுபோனான். மற்றவர்கள் குழாய்த் தண்ணீரைக் குடித்து வயிற்றை நிரப்பினார்கள். மத்தியானப் பசி என்பது பாதி வறுமையும் பாதி கால அட்டவணையும் சேர்ந்து உண்டாக்கியது.

இரண்டாவது டிரில். விளையாட்டு என்ற பெயரில் பள்ளிக்குள் வந்தது கவாத்துப் பயிற்சி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பல பள்ளிகளில் டிரில் மாஸ்டர் ஆனார்கள். 'அட்டென்ஷன்', 'ஸ்டாண்ட் அட் ஈஸ்' என்ற அதட்டல்கள் நம் தாத்தாக்கள் காதில் இறுதிவரை ஒலித்துக்கொண்டிருந்தன. இதற்கு ஒரு பின்னணி உண்டு. தென்னாப்பிரிக்கப் போயர் போரின்போது பட்டாளத்துக்கு வந்த ஆங்கிலேய இளைஞர்களில் பலர் உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதை விசாரித்த குழு 1904இல் அறிக்கை தந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, மருத்துவப் பரிசோதனை, உடற்பயிற்சி ஆகியவற்றை அது ஒன்றாக வைத்துப் பேசியது. 1906இல் பள்ளி உணவுச் சட்டமும், 1909இல் உடற்பயிற்சிப் பாடத்திட்டமும் அங்கே வந்தன. அங்கே அக்கறை பிறந்தது பட்டாளத்தை நினைத்து. இங்கே நமக்கு வந்ததோ டிரில் மட்டுந்தான், சாப்பாடு கப்பல் ஏறவில்லை!

1920: ஒரு நகரம், இரண்டு தொடக்கங்கள்

அந்தச் சாப்பாட்டை இங்கேயே சமைக்க முன்வந்தது சென்னை மாநகராட்சி. அப்போது அதன் தலைவர் நீதிக்கட்சியின் முதல்வர்களில் ஒருவரான சர் பிட்டி தியாகராயர். 1920 செப்டம்பர் 16 அன்று மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி தருவது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது. இவ்வளவுதான் தீர்மானம். அலங்காரம் ஒன்றுமில்லை. ஆனால் அதில் பள்ளியின் பெயர் இருந்தது, காசுக் கணக்கு இருந்தது, பொறுப்பு யாருடையது என்பதும் இருந்தது.

அந்தப் பள்ளியில் தொடங்கியது மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவிற்று. பலன் உடனே தெரிந்தது. 1922-23இல் அந்தப் பள்ளிகளில் படித்தவர் 811 பேர். 1924-25இல் அது 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டில் இருமடங்கு! பாடப்புத்தகம் மாறவில்லை, வாத்தியார் மாறவில்லை. மாறியது வயிறு மட்டுமே. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட முடியாது என்று அன்றைய அரசு கூறிவிட்டதால் 1925 ஏப்ரல் 1 முதல் சிற்றுண்டி நின்றது. பின்னர் மீண்டும் தலையெடுத்தாலும் ஒரு பாடம் அப்போதே கிடைத்துவிட்டது. நிதி ஒதுக்கீட்டின் தலைப்பு என்ன என்பதில்தான் ஒரு குழந்தையின் தட்டு இருக்கிறது.

அதே 1920இல் அதே சென்னையில் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் பயின்றவர் அவர். கூடைப்பந்து 1891இல் பிறந்த இடமும் அதுவே. உடற்பயிற்சி என்றால் அதட்டலும் அணிவகுப்பும் மட்டுமல்ல, மகிழ்ச்சியோடு ஆடும் விளையாட்டும் கல்வியின் ஒரு பகுதி என்பது அந்தப் பள்ளி கொண்டுவந்த கருத்து. பின்னாளில் அது நந்தனத்தில் பரந்த வளாகத்துடன் கூடிய கல்லூரியாயிற்று. அங்கே பயின்று வெளிவந்தவர்கள் இந்தியா முழுவதும் உடற்கல்வி ஆசிரியர்களாகப் போனார்கள். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் பக் அவர்களே.

ஆக, சோற்றுக்கு ஒரு தீர்மானம், ஆட்டத்துக்கு ஒரு கல்லூரி. இரண்டும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே ஊரில் வளர்ந்தன. சோற்றுத் திட்டம் ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கு இழுக்க வந்தது. உடற்கல்வியோ பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போயிற்று, அதாவது ஏற்கெனவே படிக்க வசதியுள்ள வீட்டுப் பையன்களுக்கு. இந்தப் பிரிவு பின்னாளிலும் சரியாகவில்லை.

குன்னூர் எலிகள் சொன்ன சேதி

மூன்றாவதாக ஓர் இடத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். நீலகிரியில் குன்னூர். அங்கிருந்த பாஸ்டர் ஆய்வகத்தில் ஓர் அறையில் 1918இல் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கியவர் ராபர்ட் மக்காரிசன். அதுவே வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாகி, 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

மக்காரிசன் செய்த ஒரு சோதனை புகழ் பெற்றது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே சமைத்து எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்றாகக் கொழுத்து வளர்ந்தன. பட்டியலில் கடைசியில் நின்றவை எவை தெரியுமா? மதராஸி உணவை உண்ட எலிகள்! வட நாட்டில் நம்மைக் கேலி செய்பவர்கள் கையில் இது கிடைத்தால் சும்மா விடமாட்டார்கள். ஆனால் சோதனையின் சாரம் வேறு. எலிகள் எல்லாம் ஒரே இனம், வேறுபட்டது தட்டு மட்டும். பிறப்பால் வலியவன் மெலியவன் என்ற அன்றைய பேச்சுக்கு அந்த எலிகளே பதில் சொல்லிவிட்டன. கோதுமை ரொட்டியோடு பாலும் பருப்பும் காயும் சேர்ந்தது ஒரு தட்டு. தீட்டிய அரிசிச் சோறே பெரும்பகுதியாகி, பாலும் காயும் குறைந்தது மற்றொரு தட்டு.

அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்டு இதைப் பிள்ளைகளிடமே சோதித்தார். தென்னிந்திய விடுதிகளில் வழக்கமான சாப்பாட்டோடு கொழுப்பு நீக்கிய பாலும் கொடுத்தபோது பிள்ளைகளின் உயரமும் எடையும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வளர்ந்தன. புழுங்கல் அரிசியில் தயாமின் என்ற பி-1 உயிர்ச்சத்து தங்கிவிடுவதால் அதை உண்பவர்களிடம் பெரிபெரி குறைவு என்பதும் இக்காலத்தில் உறுதிப்பட்டது. நம்ம பாட்டி வீட்டுப் புழுங்கல் அரிசிக்கு விஞ்ஞானம் தந்த நற்சான்று அது. வயிறு நிறைவது வேறு, உடம்புக்கு ஊட்டம் சேர்வது வேறு என்ற பாடத்தைக் குன்னூர் தந்தது. திட்டம் போடுகிறவர்கள் காதில் அது விழ இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

எட்டயபுரம் முதல் பாப்பாக்குறிச்சி வரை

1954இல் முதலமைச்சரான காமராசர், மாடு மேய்க்கும் சிறுவனைப் பார்த்து 'ஏன் தம்பி பள்ளிக்கூடம் போகலை?' என்று கேட்டதாகவும், 'சோறு யார் போடுவா?' என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை நாடெங்கும் வழங்குகிறது. சிறுவன் கேட்ட ஊர் எது என்பதில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எந்த ஊராக இருந்தால் என்ன? கேள்வி உண்மையானது. அதற்கு 1956இல் எட்டயபுரத்தில் பதில் தொடங்கிற்று. பாரதி பிறந்த ஊர் அது. படிப்புக்கும் பாட்டுக்கும் அடுத்து மாலைப் பொழுதை ஆட்டத்துக்கென்றே குழந்தைக்கு ஒதுக்கிக் கொடுத்த கவிஞனின் ஊரில், மத்தியானச் சோறு தொடங்கியது பொருத்தமே.

கதையைவிட முக்கியம் அதன் பின்னிருந்த வேலை. கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக அலைந்தார். முதலில் ஊராரே நெல்லும் காசும் தந்து சமைத்தார்கள். 1957 நவம்பரிலிருந்து அரசு மானியம் வந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா என்று கணக்கு. அதில் ஆறு பைசா அரசு, நான்கு பைசா ஊரார் பொறுப்பு. 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், தட்டு என்று மக்கள் வரிசை வைத்தார்கள். 1960களில் கேர் நிறுவனத்தின் வழியாக அமெரிக்கப் பால்பவுடரும் எண்ணெயும் மாவும் வந்தன. அந்தக் காலத்தில் படித்தவர்களைக் கேட்டால் கோதுமை உப்புமாவின் வாசனையை இன்றும் சொல்வார்கள். அப்பா அம்மா பெயரைப் போல அது அவர்களுக்கு நினைவில் நிற்கிறது.

1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சிறுவயதில் கும்பகோணத்தில் பசியோடு படித்து, பசியாலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர் அவர். முதலில் கிராமப்புறங்களில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளுக்கு. அதே செப்டம்பரில் நகரங்களுக்கு. 1984இல் பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்களுக்கு. 'இவ்வளவு பணத்தைச் சோற்றில் கொட்டுவதா, தொழிற்சாலை கட்டலாமே' என்று கேட்டவர்கள் அன்று பலர்.

இத்திட்டத்தின் பலம் அதன் கட்டமைப்பில் இருந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என மூன்று பேர். அவர்களில் கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. ஆக, ஒரு குழந்தை சாப்பிட்டதா என்று பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஓர் அம்மாள் ஊருக்கு ஊர் உருவானார். அரசுகள் மாறின, ஆனால் யாரும் அந்த அடுப்பை அணைக்கவில்லை, விறகுதான் கூட்டினார்கள். 1989இல் கலைஞர் ஆட்சியில் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை வந்தது; 2010இல் அது வாரம் ஐந்து ஆயிற்று; முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். 2013இல் ஜெயலலிதா ஆட்சியில் கலவைச் சாதங்களோடு மசாலா முட்டை. குன்னூர் அன்று சொன்ன சேதி ஒருவழியாகத் தட்டில் ஏறியது.

சாதி வேற்றுமையிலும் இந்தப் பந்தி ஒரு காரியம் செய்தது. ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்துச் சோற்றை உண்ணும் பழக்கம் எத்தனையோ கிராமங்களில் பள்ளிக்கூடத்தில்தான் முதன்முதலாக வந்தது. 'அவர் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது' என்ற குரல் இன்றும் அங்கங்கே எழுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. பிள்ளைகள் சாப்பிடத் தயார். பெரியவர்கள்தான் தடை.

நாடு தழுவிய ஏற்பாடு

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி 1930இலேயே பள்ளி உணவைத் தொடங்கியிருந்தது. 1984இல் குஜராத்தும் கேரளமும் இந்த வழியில் வந்தன. 1995 ஆகஸ்ட் 15 முதல் மைய அரசு தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆனால் பல மாநிலங்களில் சமைத்த சோறு கிடைக்கவில்லை. மாதத்துக்கு இவ்வளவு தானியம் என்று மூட்டையிலிருந்து அளந்து கொடுத்தார்கள். பிள்ளை பையோடு வீட்டுக்குப் போயிற்று, மத்தியானப் பசி அப்படியே இருந்தது.

2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் சமைத்த உணவே தரவேண்டும் என்று உத்தரவிட்டது. குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டில் 200 நாள் என்று அளவையும் சொன்னது. பின்னர் இந்த அளவு தொடக்க வகுப்புகளுக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம் என்றும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 700 கலோரி, 20 கிராம் புரதம் என்றும் உயர்ந்தது. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சட்ட உரிமையாக்கியது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வாரப் பட்டியல். 1920இல் ஆயிரம் விளக்கில் தந்த சிற்றுண்டி நூறாண்டுக்குப் பின் ஊரெங்கும் வந்து சேர்ந்தது எனலாம்.

இதன் பலன் எவ்வளவு ஆழமானது என்பதை 2021இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பள்ளியில் மதிய உணவு உண்ட சிறுமிகள் பின்னாளில் தாயானபோது, அவர்கள் பெற்ற குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்தார்களாம். அம்மா பள்ளியில் சாப்பிட்ட சோறு பிள்ளையின் எலும்பில் தெரிகிறது!

ஆட்டம் என்ன ஆயிற்று?

இனி மறுபக்கம். சுதந்திரத்துக்குப் பின் விளையாட்டுக்கும் திட்டங்கள் வராமலில்லை. இந்திய தேசிய ராணுவத்தின் தளபதியாயிருந்த ஜெ.கே. போன்ஸ்லே 1954இல் தேசிய ஒழுக்கத் திட்டத்தைத் தொடங்கினார். 1957இல் குவாலியரில் உடற்கல்விக் கல்லூரி வந்தது. 1965இல் தேசிய உடற்தகுதிப் படை வந்தது. பெயர்ப் பலகைகள் மாறின. 2018இல் கேலோ இந்தியா, 2019இல் ஃபிட் இந்தியா. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று புதன்கிழமை மத்தியானம் அரைமணி நேரம் ஆடியதா என்று பார்த்துக் கணக்கெழுத ஓர் ஆள் வரவில்லை. சத்துணவுக்கு ஓர் அமைப்பாளர் அம்மாள் வந்தாரே, அப்படி ஒருவர் ஆட்டத்துக்கு வரவில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அட்டவணையில் சமையற்கூடமும் உண்டு, விளையாட்டு மைதானமும் உண்டு. மகிழ்ச்சி! ஆனால் உடற்கல்வி ஆசிரியர்? ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் மட்டும், அதுவும் பகுதி நேரமாக. ஐந்தாம் வகுப்பு வரை அந்தப் பேச்சே இல்லை. தமிழ்நாட்டில் 2012இல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். சமையற்கூடத்தில் அடுப்பு தினமும் எரிந்தாக வேண்டும். மைதானம் பூட்டிக் கிடந்தால் கேட்பாரில்லை.

நகரத்துத் தனியார் பள்ளிகளின் கதை வேறு விதம். அங்கே பி.டி. பீரியடு அட்டவணையில் இருக்கும். ஆனால் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் அதைக் கடன் வாங்குவார், அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இதைக் கண்டுதான் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2018-19 முதல் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நாள்தோறும் ஒரு பாடவேளையை உடற்கல்விக்குக் கட்டாயமாக்கியது.

1982ஆம் ஆண்டை மறுபடி பாருங்கள். ஜூலையில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவு. நவம்பரில் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதையொட்டி நாட்டுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அதிலிருந்து விளையாட்டு என்பது ஆடுவதைவிட உட்கார்ந்து பார்ப்பதாக ஆகிவிட்டது. அடுத்துப் பாக்கெட் நூடுல்ஸ் வந்தது, சிப்ஸ் வந்தது, கடைசியில் கைப்பேசியும் வந்தது. தெருவில் வண்டிகள் நிறைந்தன, காலி மனைகள் அடுக்குமாடி ஆயின. சடுகுடு 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடியாக ஏறி இந்தியாவுக்குத் தங்கம் வென்று தந்தது. நம் தெருவில் அது இறங்கிப் போய்விட்டது.

இன்று நம் பிள்ளைகள்

2016-18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு ஒரே நாட்டில் இரண்டு குறைகளைக் காட்டியது. ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லை. 24 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை. பத்து முதல் பத்தொன்பது வயதினரில் 5 விழுக்காட்டினர் அதிக எடையுடையவர்கள். நீரிழிவுக்கு முந்தைய நிலை பள்ளி வயதினரில் பத்தில் ஒருவருக்கு. மெலிந்த பிள்ளையும் ஊதிய பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். சில வேளைகளில் ஒரே பிள்ளைக்கே எடை கூடுதலாகவும் இரும்புச்சத்து குறைவாகவும் இருக்கிறது.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தது. நம் காலனியில் எத்தனை பிள்ளைகளுக்கு இது வாய்க்கிறது? பள்ளி பஸ்ஸில் ஒரு மணி, டியூஷனில் இரண்டு மணி. பாட்டு வகுப்பு, இந்தி வகுப்பு, கணினி. 'ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போடா' என்று தாய் தட்டோடு பின்னால் ஓடுகிறாள். அந்த வீட்டில் அதிகம் ஓடுவது அவள்தான்.

மாநிலம் விட்டு வந்த நமக்குக் கூடுதலாக ஒரு சிக்கல். சத்துணவு என்பது ஏழைப் பிள்ளைகளுக்கானது, நமக்கு வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டோம். ஆனால் சத்துணவு அரசுப் பள்ளிப் பிள்ளைக்குத் தருகிற பருப்பு, காய்கறி, முட்டை, புழுங்கல் அரிசிச் சோறு ஆகியவற்றை நம் பிள்ளையின் டிபன் பாக்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலை ஏழு மணி அவசரத்தில் ஜாம் தடவிய ரொட்டியும் பாக்கெட் பிஸ்கட்டும் போகிற நாள்களில் வெற்றி யாருக்கு? ராகி, கம்பு, கீரை, சுண்டல், மோர் என்று ஊரில் எளிதாகக் கிடைத்தவை இங்கே தேடினால்தான் கிடைக்கும். தேடாதவரை கிடைக்காது. பள்ளிக்கு 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாதென 2020இல் விதி வந்தது. அந்த விதி வீட்டு அலமாரி வரை வராது.

சங்கங்களின் பங்கு

இந்த நூற்றாண்டுக் கதையில் பெரிய மாற்றங்களெல்லாம் ஒரு சிறிய தீர்மானத்தில்தான் தொடங்கியிருக்கின்றன. எந்தப் பள்ளி, எத்தனை காசு, யார் பொறுப்பு. ஆட்டத்துக்கும் அப்படி ஒரு தீர்மானம் வேண்டும். அரசு செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 1956இல் ஊரார் முதலில் சமைத்தார்கள், மானியம் பின்னால் வந்தது.

வெளி மாநிலத் தமிழ்ச் சங்கங்கள் பலவற்றுக்குச் சொந்தக் கட்டடம் உண்டு, வாரந்தோறும் தமிழ் வகுப்பும் உண்டு. வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் அரை மணி நேரம் சடுகுடு, கிளித்தட்டு, பாண்டி என்று வைத்துவிடலாம். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடட்டும். பதின்மூன்று வயதானதும் பெண் பிள்ளையை ஓரத்தில் உட்கார வைக்கும் பழக்கத்தை இங்கேயே முடித்துவிடலாம். ஆடும்போது வாயில் வரும் தமிழ் கரும்பலகையில் எழுதும் தமிழைவிட நன்றாக ஒட்டும் என்பது தனி லாபம். வகுப்பு முடிந்ததும் பாக்கெட் தின்பண்டத்துக்குப் பதில் சுண்டலும் மோரும் கொடுக்கலாம். இதற்கு ஒரு பொறுப்பாளர், ஒரு சிறு தொகை, வருகைப் பதிவேடு போல ஒரு நோட்டு. இவை மூன்றும் இல்லாமல் தொடங்கினால் மூன்று வாரத்தில் நின்றுவிடும்.

சர் தியாகராயர் மன்றம் ஒரு மாணவருக்கு ஓர் அணா என்று எழுதியது. இன்றைய விலைவாசியில் ஒரு பிள்ளைக்கு ஒரு வாரத்துக்குச் சுண்டலுக்கும் ஒரு பந்துக்கும் எவ்வளவு ஆகும் என்று பொருளாளர்கள் கணக்குப் போட்டு, அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்த்தால் நல்லது.